கம்ப்யூட்டருக்குப் பாடம் சொன்ன அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவி)

ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். காந்தி, காமராஜர், கலாம், மேரி கியூரி எல்லாரும் முந்தின மலர்களில் வந்துவிட்டார்கள். நான் எழுதப்போவது அமெரிக்கக் கப்பற்படையில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்ற கிரேஸ் ஹாப்பர் அம்மையாரைப் பற்றி. கோபோல் மொழிக்கு வழி போட்டவர் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும், அவர்தான். (கோபோல் என்றதும் என் தம்பி, கோபால் யாரு, உங்க சாரா என்று கேட்டான்!)

இவரை ஏன் எடுத்தேன் என்றால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போன லீவில் இரண்டு வாரம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே 42 சிஸ்டம். அத்தனைக்கும் ஒரே ஓர் அண்ணன், கான்ட்ராக்டில் இருப்பவர். ஒவ்வொரு மேஜையாகப் போவார். உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சுவார். வேண்டாத டெம்ப் ஃபைல்களை அழிப்பார். ஆன்டிவைரஸ் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பார்ப்பார். விண்டோஸ் அப்டேட் பாக்கி இருந்தால் போடுவார். சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு சுற்று முடிய மூன்று நாள் ஆகும். 42-வது முடியும்போது முதலாவது மறுபடி குப்பையாகியிருக்கும்!

நாலு நாள் அவர் பின்னால் நடந்தேன். ஐந்தாம் நாள், நம் லேபில் படித்த தைரியத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் இந்த 42-ஐயும் அதுவே பார்த்துவிடுமே என்று பெருமையாகச் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அப்படின்னா தன்னை எதுக்கு வச்சிருப்பாங்க என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. என் அப்பா கைத்தறி நெசவாளர். பக்கத்துத் தெருவுக்கு விசைத்தறி வந்தபோது என்ன ஆச்சு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்த படிப்பை வைத்து முதல் முதலாகச் செய்யப்போகிற காரியம் இன்னொருத்தர் சோற்றில் கை வைப்பதா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்து திறக்காமலே வைத்திருந்த ஹாப்பர் அம்மையார் வரலாற்றை அன்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

* * *

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். அப்போது பெயர் கிரேஸ் முர்ரே. மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் தொழில். ஏழு வயதில், அலாரம் எப்படி அடிக்கிறது என்று பார்க்க வீட்டுக் கடிகாரம் ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. எப்படி மாட்டியிருந்தது என்று பார்க்க இன்னொன்றைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று... ஏழு கடிகாரம் கழன்ற பிறகுதான் அம்மா கண்டுபிடித்தார். அடி விழுந்ததா? இல்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று உத்தரவு! (நான் சின்ன வயதில் தறி நாடாவைக் கழற்றியபோது எனக்குக் கிடைத்தது வேறு.)

அப்பாவுக்கு ரத்தக்குழாய் நோய் வந்து இரண்டு கால்களையும் எடுக்கவேண்டியதாகிவிட்டது. பெண் பிள்ளைகளும் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். மகனுக்கு என்ன படிப்போ அதே படிப்பு மகள்களுக்கும்.

வாஸர் என்ற பெண்கள் கல்லூரிக்கு 16 வயதில் விண்ணப்பித்தார். இடம் கிடைக்கவில்லை. காரணம் லத்தீன் பரீட்சையில் மார்க் போதவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் ஒரு அரியர்! அடுத்த வருஷம் சேர்ந்தார். 1928-ல் கணிதமும் இயற்பியலும் முடித்து, யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலை, 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். இதற்கு நடுவிலேயே 1931-ல் வாஸரில் ஆசிரியை ஆகிவிட்டார். 1930-ல் வின்சென்ட் ஹாப்பரோடு திருமணம், 1945-ல் விவாகரத்து. குழந்தைகள் இல்லை. ஹாப்பர் என்ற பெயர் மட்டும் கடைசி வரை கூடவே வந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. அம்மையார் கப்பற்படையில் சேரப் போனார். வயது கூடிவிட்டது என்றார்கள். எடை 15 பவுண்டு குறைவு என்றார்கள். விடவில்லை, விதிவிலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சியில் முதலாவதாக வந்தார். கப்பலில் ஏற்றவில்லை. 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அதுதான் மார்க் 1. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். ஒரு செகண்டில் மூன்று கூட்டல் போடும். அதன் தலைவர் ஹோவர்ட் ஐக்கன், கண்டிப்பான மனிதர். போர்க்காலம் ஆகையால் ராத்திரி பகலாக ஓடும். அதற்கு ஆணைகள் எல்லாம் காகித டேப்பில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஒரு வரிசையில் 24 ஓட்டைக்கு இடம்.

இந்த டேப்பின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு விளக்கவே தேவையில்லை. நம்ம ஜக்கார்டு அட்டை மாதிரியே இருக்கே என்றார். சேலையில் பூ விழ வேண்டிய இடத்தில் நூலைத் தூக்கிவிட, ஓட்டை போட்ட அட்டை தறிமேல் சுற்றிவரும். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது ஜக்கார்டு எங்கள் தெருவுக்கு வரவில்லையாம். பூ விழும் இடத்தில் நூலை இழுத்துவிட ஒரு பையனை உட்கார வைப்பார்களாம். அந்தப் பையன் எங்கள் தாத்தாதான்! ஜக்கார்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. தாத்தா அதே தறிக்குழியில் இறங்கி நெய்யக் கற்றுக்கொண்டார். இதை அப்பா அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

அம்மையாரிடம் திரும்பி வருவோம். ஹார்வர்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். சைன் கண்டுபிடிக்க இன்ன வரிகள், வேறொரு கணக்குக்கு இன்ன வரிகள் என்று சரியாக ஓடிய துண்டுகளை அதில் எழுதி வைத்திருப்பார்கள். புதுக் கணக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவரின் நோட்டை வாங்கிக் காப்பி அடிப்பார்கள். (நமக்குப் பழகின வேலைதான்.) ஆனால் இதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, காப்பி அடிக்கும்போது பி என்ற எழுத்து 13 ஆகிவிடும். அடுத்தது முகவரிக் கணக்கு. நோட்டில் இருக்கும் துண்டு வரிசை எண் 0-ல் ஆரம்பிக்கும். அதைப் புது வேலையில் 300-வது இடத்தில் சொருகினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணோடும் 300 கூட்டவேண்டும். கணித டாக்டர்கள் இந்தச் சின்னக் கூட்டலில் தவறு செய்தார்கள்! அம்மையாருக்கு அங்கேதான் பொறி தட்டியது. பிசகாமல் காப்பி எடுப்பதும் கூட்டுவதும் எதற்கு நன்றாக வரும்? எதிரில் நிற்கிற இயந்திரத்துக்கு! அப்புறம் அதை ஏன் மனுஷன் செய்கிறான்?

இந்த இடத்தைப் படித்தபோது அண்ணனின் நீள நோட்டு ஞாபகம் வந்தது. ஒரு பக்கத்தில் ஆன்டிவைரஸ் தேதியும் டிஸ்க் அளவும் கட்டம் மாறி எழுதியிருந்தார். அவர் மேல் குற்றமில்லை. மூன்றாம் நாள் மாலை யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அந்தப் பூச்சிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 1947 செப்டம்பர் 9 அன்று மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி மாட்டியிருந்தது. எடுத்து லாக் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக் என்ற வார்த்தை அன்றுதான் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பே பொறியாளர்கள் கோளாறை அப்படித்தான் சொல்லி வந்தார்கள். பூச்சியைப் பிடித்தவரும் அம்மையார் அல்ல. கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர்.

1949-ல் ஹார்வர்டில் அவர் வேலை முடிந்துபோனது. அம்மையாருக்கு அது கெட்ட காலம். குடிப்பழக்கம் பிடித்துக்கொண்டது என்று வரலாறு எழுதியவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும் போலும். அதிலிருந்து எழுந்து பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி என்ற இருவர் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனியை ரெமிங்டன் ராண்ட் வாங்கியது. யூனிவாக் என்ற கம்ப்யூட்டர் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது.

அங்கேதான் 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை முடித்தார். இப்போதைய கம்பைலரோடு அதை ஒப்பிடக்கூடாது. நோட்டுகளில் இருந்த துண்டுகளையெல்லாம் காந்த டேப்பில் ஏற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். இயந்திரமே டேப்பில் தேடி, துண்டை எடுத்து, முகவரிகளைக் கூட்டி, ஒன்றாகக் கோத்துக் கொடுத்துவிடும். இன்னும் எழுதப்படாத ஒரு வரிக்குத் தாவவேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரு தீர்வை, கல்லூரியில் ஆடிய கூடைப்பந்திலிருந்து எடுத்தார். பந்தோடு ஓடமுடியாதபோது தோழியிடம் போட்டுவிட்டு முன்னால் ஓடி திரும்ப வாங்கிக்கொள்வது போல, நினைவகத்தின் ஒரு மூலையில் ஒரு குறிப்பைப் போட்டுவைத்து, இடம் தெரிந்ததும் அங்கிருந்து சரியான இடத்துக்கு அனுப்பினார். அந்த வருஷம் மே மாதம் பிட்ஸ்பர்கில் நடந்த கூட்டத்தில் இதைப்பற்றிக் கட்டுரை கொடுத்தார். கட்டுரையின் தலைப்பு, ஒரு கம்ப்யூட்டரின் கல்வி.

கைதட்டினார்களா? இல்லவே இல்லை. கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்றார்கள். ஓடிக்கொண்டிருந்த கம்பைலரைப் பல நாள் யாரும் தொடவில்லை. புரோகிராமர்கள் தங்கள் கைவேலைக்கு இணையாக இயந்திரம் எழுதாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது, கையால் எழுதியது அப்போது வேகமாகத்தான் ஓடியது. அதோடு, வேலை போய்விடுமோ என்ற பயமும் கலந்திருந்தது. எங்கள் தெருவில் அப்பா சொல்வதும் இதே இரண்டும்தான்.

நடந்தது என்ன? கம்பைலர் வந்த பிறகு புரோகிராமர்கள் குறையவில்லை, பல மடங்கு பெருகினார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமே இல்லை என்று நான் எழுதமாட்டேன். அதற்கு முன் பென்சிலும் கணக்கு மெஷினும் வைத்துக்கொண்டு அட்டவணை போட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கம்ப்யூட்டர் என்ற பெயரே முதலில் அவர்கள் பதவியின் பெயர்தான்! அந்தப் பதவி அடியோடு போனது. சிலர் புரோகிராமர் ஆனார்கள். எல்லாரும் ஆகவில்லை.

அம்மையார் இதற்குச் செய்தது, கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. கணிதக் குறிகள் தெரியாத அலுவலகக்காரர்களும் எழுதவேண்டும் என்று ஆங்கில வார்த்தைகளால் ஆணையிடும் ஃப்ளோ-மேட்டிக் மொழியைச் செய்தார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட வார்த்தைகளை மாற்றிப்போட்டு ஓட்டிக் காட்டியபோது மேலதிகாரிகள் அரண்டுபோனார்களாம். ஃப்ளோ-மேட்டிக்கை அடியொற்றி 1959-ல் ஒரு பெரிய குழு கூடி உருவாக்கத் தொடங்கியதுதான் கோபோல். அம்மையார் அதில் ஆலோசகர். 1960 டிசம்பரில் கிட்டத்தட்ட ஒரே கோபோல் புரோகிராமை ஆர்.சி.ஏ. கம்ப்யூட்டரிலும் ரெமிங்டன் ராண்ட் கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்டினார்கள். கம்பெனி வேறு, இயந்திரம் வேறு, ஆனாலும் வேலை ஒன்று!

* * *

1966 கடைசியில் வயதைக் காட்டிக் கப்பற்படை அவரை ஓய்வு பெற வைத்தது. ஏழெட்டு மாதம்கூட ஆகவில்லை, 1967 ஆகஸ்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு என்று கூப்பிட்டது, 19 வருஷம் ஆயிற்று!

எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். படையில் பல கம்பெனி கம்ப்யூட்டர்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் கோபோல் இருந்தது, ஆனால் ஒவ்வொரு கோபோலும் ஒவ்வொரு மாதிரி. இங்கே ஓடுவது அங்கே நிற்கும். ஒவ்வொன்றாக ஆள் போய் உட்கார்ந்து சரி பார்த்தால் ஆயுசு போதாது. அம்மையாரின் குழு சோதனை புரோகிராம்களை எழுதியது. எந்தக் கம்பைலர் வந்தாலும் அந்தத் தொகுப்பை அதில் ஓட்டு. எங்கே விதிப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்று அதுவே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். பட்டியலில் தவறு இருந்தால் அது விற்ற கம்பெனியின் பாடு. இந்த முறை பிறகு அமெரிக்க அரசின் மற்றத் துறைகளுக்கும் போனது. ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன இயந்திரங்களை இணைத்து வேலை வாங்கலாம் என்றும் அப்போதே சொல்லிவந்தார். ஒரு மாடு இழுக்காத மரத்தை இழுக்க இரண்டாவது மாட்டைப் பூட்டுவார்களே ஒழிய, மாட்டைப் பெரிதாக வளர்க்க மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதைப் படித்துவிட்டு மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். ஸ்கிரிப்டை நான் மட்டும் எழுதாமல் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். ஒரு ஃபைலில் 42 சிஸ்டம் பெயர். பவர்ஷெல் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, ஆன்டிவைரஸ் தேதி, பாக்கி அப்டேட், சி டிரைவில் மிச்ச இடம் மூன்றையும் கேட்டு ஒரே அட்டவணையில் எழுதும். கோளாறு இருந்தால் சிவப்பு. முதல் தடவை ஓட்டியதும் ஒன்பது சிஸ்டம் பதிலே சொல்லவில்லை! சிலவற்றில் தூரத்திலிருந்து வரும் ஆணையை ஏற்கும் வசதி அணைத்திருந்தது, இரண்டில் பழைய விண்டோஸ், ஒன்றில் ஒயரே கழன்றிருந்தது. அம்மையாருக்கு வந்த அதே கஷ்டம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நினைப்பது நம் நினைப்பு மட்டும்தான். அண்ணனும் நானும் நடந்து போய் ஒன்பதையும் சரி செய்தோம்.

அடுத்து, குப்பையை அழிக்கும் பகுதி. டெம்ப் ஃபைலோடு டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எழுதினேன். அண்ணன் வரி வரியாக அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தவர் அந்த வரியில் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். 17-வது சிஸ்டத்தில் இருக்கும் மேடம் ஒரு வருஷ வவுச்சரை எல்லாம் டவுன்லோட்ஸில்தான் வைத்திருக்கிறாராம்! எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கையால் செய்தால் தவறு ஒரு மேஜையோடு போகும். ஸ்கிரிப்டில் செய்தால் 42 மேஜைக்கும் போகும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் ஒன்று உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமானங்கள் நின்றன. அதில் எத்தனையோ கம்ப்யூட்டர்களை எழுப்ப, கடைசியில் ஆட்கள் ஒவ்வொரு மேஜையாக நடந்துதான் போகவேண்டி வந்தது.

அண்ணன் தன் நீள நோட்டைத் திறந்தார். எந்த சிஸ்டத்தில் எதைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 11 வரி வந்தது. அந்த 11 வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலில் ஒரு சிஸ்டம், மறுநாள் ஐந்து, அதற்கப்புறம்தான் மொத்தமும் என்று ஓட்டினோம். மூன்று நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. டிரெயினிங்கின் மிச்ச நாள் முழுக்க ஸ்கிரிப்டை மாற்றி எழுத அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அம்மையாரின் கடைசிக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதான பிறகு ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் பேசினார். ஒரு அடிக்கும் கொஞ்சம் குறைவான, 11.8 அங்குல ஒயர்த் துண்டுகளைக் கையோடு கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் ஒளி அதிகபட்சம் போகும் தூரம் அது. வெட்டியாக வீணாக்கும் நேரம் எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்க்கட்டும் என்றுதான்! அவர் அலுவலகச் சுவர்க் கடிகாரம் பின்பக்கமாகச் சுற்றும். எப்பவும் இப்படித்தானே செய்கிறோம் என்று வருபவர்களுக்கு அது பதில். மணி பார்க்கப் பழக ஒரு நாள் போதுமாம்.

1973-ல் கேப்டன், 1983-ல் கமோடோர், 1985-ல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டன் துறைமுகத்தில், கான்ஸ்டிட்யூஷன் என்ற பழம்பெரும் கப்பலின் மேல் ஓய்வு பெற்றார். வயது 79. அன்று படையிலேயே மூத்த அதிகாரி அவர்தான். அதோடு உட்கார்ந்தாரா? டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார்! 1992 ஜனவரி 1-ல் மறைந்தார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஒரு போர்க்கப்பலுக்கு ஹாப்பர் என்று பெயர் வைத்தார்கள், அது 1997-ல் படையில் சேர்ந்தது. எடை போதாது என்று சொன்ன அதே கப்பற்படை!

போன வாரம் அண்ணன் போன் பண்ணினார். திங்கட்கிழமை காலையில் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, சிவப்பாக வரும் மேஜைகளுக்கு மட்டும் போகிறாராம். விதிவிலக்கு இப்போது 14 வரி ஆகியிருக்கிறது, மூன்றை அவரே எழுதினாராம். மிச்ச நேரத்தில் பிரிண்டர் வேலையும் கேமரா வேலையும் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் அதே சம்பளம்தான். கான்ட்ராக்ட் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.